சூரியன் மறைவதற்குள் நாலு இட்லி

அத்தியாயம் ஏழு

வேலூரில் பஸ் ஏறும்போதே பூஜா ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். ஆறரைக்குப் பறை, எட்டுக்குப் பாவைக்கூத்து, பத்து மணிக்கு ஜெர்மனிக்காரர் ஒருவர் தண்ணீர் டம்ளர்களைத் தட்டி வாசிக்கும் கச்சேரி, பிறகு கூத்து, விடியற்காலையில் நாதஸ்வரம். திருவண்ணாமலையில் வருடத்துக்கு ஒரு ராத்திரி நடக்கும் இந்தக் கலைவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவளும் ஜெர்கின், பவர் பேங்க், முறுக்குப் பொட்டலம் சகிதம் வந்துவிட்டாள். ஆனால் மணி ஒன்பதரை ஆகியும் ஒரு மேடையைக்கூட நேராகப் பார்த்தபாடில்லை. எல்லா மேடைக்கும் முதுகைக் காட்டி நின்று, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மேல ஆடறவங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க," என்றாள். "இவ்ளோ தூரம் வந்து முதுகைக் காட்டிக்கினு நிக்கிறாளேன்னு சாபம் குடுப்பாங்க."

"குடுக்கட்டும். மூணாவது வரிசைல பச்சைப் புடவை?"

"பார்த்துட்டேன். அந்தம்மாவுக்கு அறுபது வயசு. நம்ம பொண்ணுக்கு முப்பது."

"தூண் பக்கத்துல சுடிதார்?"

"அது ஆம்பளை சார். ஜிப்பா."

இருசப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்துப் போட்டவர் அவர். வேலூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு பூஜா. அவருடைய நிறுவனம் மொத்தமும் அவ்வளவுதான். தொலைந்த பத்திரம், தொலைந்த நாய், தொலைந்த மாப்பிள்ளை என்று எது வந்தாலும் ஏற்றுக்கொள்வார். இந்த முறை தொலைந்தது ஒரு மகள், பெயர் சுனந்தா.

எட்டு மேடைகளில் மூன்று ஊருக்குள் இருந்தன. மாலையிலேயே அவற்றைச் சலித்து முடித்திருந்தார்கள். அந்த மூன்றில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருந்த மேடையில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. மீதி ஐந்து மேடைகளும் இங்கே வேங்கிக்கால் மைதானத்தில்தான். கூட்டம் எத்தனை ஆயிரம் என்று யாருக்கும் தெரியாது. பூஜாவின் செல்போனில் இருந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய காலேஜ் போட்டோ ஒன்று. ஆறு வருடத்தில் ஒரு பெண்ணின் முகம் எவ்வளவோ மாறிவிடும். நடக்காத காரியம் என்று அவளுக்குச் சாயங்காலமே தெரிந்துவிட்டது. யார் முதலில் வாயைத் திறந்து சொல்வது என்பதுதான் பாக்கி.

இரண்டாவது மேடையின் முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண்ணின் அப்பா விருசபதாசன் உட்கார்ந்திருந்தார். வந்தவாசிப் பக்கத்தில் நெல் போடும் ஜைனக் குடும்பம். வயது அறுபத்தெட்டு. யார் கடந்து போனாலும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் அழுத்த நோய். சுற்றிலும் இருட்டிப்போய், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் பார்வை மிச்சமிருந்தது. அதுவும் வருடம் திரும்புவதற்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஐயா, ஒரு டீயாவது குடிங்க. பனி கொட்டுது," என்றாள் பூஜா.

"வேணாம்மா. பொழுது சாய்ஞ்சா நாங்க வாயில எதுவும் வைக்கறதில்ல. இருட்டுல தெரியாம ஒரு பூச்சி விழுந்து செத்துடக்கூடாது பாரு. கட்டிக்கினு வந்ததை அஞ்சு மணிக்கே சாப்பிட்டுட்டேன்."

"ஒரு பூச்சிக்கே இவ்ளோ பார்க்கறீங்களே," என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கினாள். பெற்ற மகளுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டீர்களே என்பதுதான் அந்த மீதி. அவள் சொல்லாதது அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன்னா. பேரைச் சொல்ல வாயெடுத்தா. பேரு ஊரு எதையும் கேக்கமாட்டேன், போன்னுட்டேன். போயிட்டா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வருஷம் அவளைப் பார்த்துடணும்மா. அடுத்த வருஷம் எதிர்ல வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது."

இந்த மாதிரி நேரத்தில் பூஜாவின் வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் தயாராக இருக்கும். இப்போது தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இருசப்பனிடம் போனாள்.

அவர் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மூன்று கடிதங்களையும் முழங்கால் மேல் விரித்திருந்தார். கையில் இருந்த துப்பு அதுதான். முதல் மூன்று வருடம் மகளிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றாக மூன்று கடிதங்கள். ஒவ்வொன்றும் கலைவிழா முடிந்த அதே வாரத்தில் வந்திருந்தது. உறைமேல் திருவண்ணாமலை முத்திரை. அனுப்பியவர் முகவரி கிடையாது. 'வெளியூர்ல நல்லா இருக்கேன்பா. வருஷத்துல ஒரு ராத்திரி மட்டும் இந்த விழா பார்க்க வர்றேன், விடிஞ்சதும் போயிடறேன், தேடாதீங்க' என்று மூன்றிலும் எழுதியிருந்தது. எழுதவில்லை, கம்ப்யூட்டரில் அடித்திருந்தது.

"எனக்கு இந்த டைப் அடிச்சதுதான் முதல்லேர்ந்தே உறுத்துது," என்றார் இருசப்பன். "அப்பாவுக்குக் கடுதாசி எழுதற பொண்ணு ஏன் டைப் அடிக்கணும்?"

"என்னையெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாலே கட்டைவிரலைத்தான் நீட்டுவேன் சார்."

"சரி, இதைப் பாரு. மூணு வருஷமும் பார்த்ததா எழுதின நிகழ்ச்சிங்க வேற வேற. ஒரு வரி மட்டும் எழுத்துக்கூட மாறல." படித்தார். "'காசியம்மா கடையில நாலு இட்லி வாங்கி, சூரியன் மலைக்குப் பின்னாடி போறதுக்குள்ள சாப்பிட்டாச்சுப்பா. கவலைப்படாதீங்க.'"

"வீட்டுப் பழக்கத்தை விடலைன்னு சொல்றா. அப்பா மனசு குளிரட்டும்னு."

"ஆமா. ஆனா மூணு வருஷமும் ஒரே கடைன்னா, கடைக்காரம்மாவுக்கு அந்த முகம் ஞாபகம் இருக்கும் இல்ல?"

பூஜா எழுந்து நின்றுவிட்டாள். ஐந்து மணி நேரமாகச் செத்துக் கிடந்த நம்பிக்கைக்கு லேசாக உயிர் வந்தது.

காசியம்மாள் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எந்த இடத்தில் சாம்பார் மணமும் சண்டையும் ஜாஸ்தியோ அதுதான் கடை. ஐம்பது வயசு இருக்கும் காசியம்மாளுக்கு. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் இட்லித் துணி, வாயில் வரிசையில் நிற்பவர்களுக்கான திட்டு. இருசப்பன் இருவருக்கும் தட்டு வாங்கிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"அக்கா, சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு, வெளியூர்லேர்ந்து ஒரு பொண்ணு வருஷா வருஷம் உங்க கடைக்கு வந்து இட்லி சாப்பிடுமாமே?"

"அஞ்சரைக்கா? யாரு சொன்னது? எட்டு மணிக்கு முந்தி ஒரு இட்லி வித்தா விழாக் கமிட்டிக்காரங்க அடுப்போட தூக்கி வெளிய வெச்சுடுவாங்க. வந்து தண்ணி பார்த்து, மாவு பார்த்து, பர்மிசன் குடுத்தாதான் வியாபாரம். இந்த வருஷம் இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

"ஒரு வருஷம்கூட முன்னாடி தொறந்தது இல்லையா?"

"ஏன்யா, நான் என்னா பொய் சொல்றனா? நவுரு, பின்னாடி ஆளு நிக்குது."

நகர்ந்தார்கள். பூஜாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. மூன்று வருடமும் மாறாமல் இருந்த ஒரே வரி, மூன்று வருடமும் பொய்.

"அப்போ எழுதினவங்க இந்த மைதானத்துக்கு வந்ததே இல்ல," என்றாள். "கடை பேரை எங்கியோ விழா நோட்டீஸ்ல பார்த்து எழுதியிருக்காங்க. வேற யாரோ."

"யாரோ இல்ல. யோசிச்சுப் பாரு. விடிய விடிய விழா பார்த்தேன்னு புளுகறவன் என்ன எழுதுவான்? பத்து மணிக்குப் புரோட்டா தின்னேன், ரெண்டு மணிக்கு டீ குடிச்சேன்னு எழுதுவான். இதை எழுதினவங்களுக்கு ராத்திரியில சாப்பாடுன்னு ஒண்ணு இருக்கறதே மனசுல வரல. பொய் சொல்லும்போதுகூட பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்டை முடிச்சுட்டாங்க."

பூஜாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் பிடிக்கவில்லை. "ஐயா வீட்டுல இருக்கறது அவரும் அவர் சம்சாரமும்தான். சுதர்சனாம்மாவா? புருஷன் மனசு ஒடைஞ்சுடக் கூடாதுன்னு பொண்ணு பேர்ல அந்தம்மாவே எழுதறாங்களா?"

"அப்படித்தான் தோணுது. யாரையாவது விட்டு டைப் அடிச்சு, இந்த ஊருக்கு வர்றவங்க யாருகிட்டயாவது குடுத்துப் போடச் சொல்லியிருப்பாங்க."

"அப்போ பொண்ணு இந்த ஊருக்கே வரல. நாம தேடறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்ல," என்றார் இருசப்பன்.

மனசு விட்டுப்போனாலும் வயிறு விடுவதில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாவது இட்லியில் பாதி உள்ளே போயிருக்கும், மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்தார்.

"பூஜா, இதுல எத்தனை இட்லி?"

"சார், கணக்குத் தெரியாமத்தான் துப்பறிய வந்தேன்."

"எத்தனைன்னு சொல்லு."

"உங்க வயித்துல இருக்கறதையும் சேர்த்தா மூணு."

"உன் தட்டுல?"

"மூணு. எல்லார் தட்டுலயும் மூணு. போர்டுலயே போட்டிருக்கே, ஒரு செட் மூணு இட்லின்னு." சொல்லிவிட்டு அவளும் மெல்லுவதை நிறுத்தினாள். "கடிதத்துல நாலு."

"நோட்டீஸைப் பார்த்துப் புளுகறவங்களுக்கு இந்த நாலு எங்கேர்ந்து வரும்? ஒரு செட்னா மூணு, ரெண்டு செட்னா ஆறு. இந்தக் கடையில நாலுக்கு வழியே இல்ல. நிஜமா நாலு வாங்கினவங்கதான் நாலுன்னு எழுதுவாங்க."

வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போடப் போட, அவர் மறுபடி நேராக முன்னால் போய் நின்றார். முதலில் கேட்டது தப்பான கேள்வி. இப்போது சரியானதைக் கேட்டார்.

"அக்கா, யாருக்காவது நாலு இட்லி வெச்சுக் குடுப்பீங்களா?"

காசியம்மாளின் கரண்டி நின்றது. அன்று ராத்திரி முதல் முறையாகச் சிரித்தாள். "நாலா? அது லைட்டுக்காரருக்கு மட்டும்தான். அது வியாபாரம் இல்லீங்க, அவுருகிட்ட நான் காசு வாங்கறதில்ல. என் கடைக்கு ஒயர் இழுத்து பல்பு போட்டுக் குடுக்கறவரு. வேலை செய்யற மத்த ஆளுங்க பத்து மணிக்கு மேல துன்னுவாங்க. அவுரு மட்டும் பொழுது இருக்கறப்பவே வந்து நிப்பாரு. முதல் ஈடு அவுருக்குத்தான்."

"ஒருத்தருக்கு ஏன் நாலு?"

"முன்ன ஒரு பொண்ணையும் கூட்டிக்கினு வருவாரு. அவுரு சம்சாரம். அந்தப் பொண்ணாலதான் இந்தப் பழக்கமே. மூணு வெச்சா ரெண்டு பேரு எப்படிக்கா பங்கு போடறதுன்னு சிரிக்கும். அதனால நாலா வெச்சுக் குடுப்பேன். என் கை அதுக்கே பழகிப் போச்சு, இன்னிக்கும் நாலுதான் வெச்சேன்."

பூஜா செல்போனை நீட்டினாள். காசியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இதேதான். நல்ல பொண்ணாச்சே! ஊருக்குப் போயிருக்குதுன்னு சொன்னாரு. மூணு வருஷமா காணோம்."

கண்டுபிடித்தாகிவிட்டது என்று குதிக்க வேண்டிய இடம் இது. பூஜா குதிக்கவில்லை. கடிதங்கள் வந்ததும் அதே மூன்று வருடம்தான். இருசப்பன் கடிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லைட்டுக்காரர் நான்காவது மேடையில் இருந்தார். கூத்து அப்போதுதான் களைகட்டியிருந்தது. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால், சவுக்குக் கட்டையில் கட்டிய பரண் மேல் உட்கார்ந்து, பெட்டியில் வரிசையாக இருந்த குமிழ்களைத் தள்ளி மேடை விளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெஞ்சில் கம்பெனி அட்டை தொங்கியது. பெயர், ராமன்.

இருசப்பன் ஏணியில் ஏறி ஏதோ வெகுநாள் பழகியவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தார். பூஜா ஏணியின் கடைசிப் படியில் தொற்றிக்கொண்டாள்.

"சாப்பாடு ஆச்சுங்களா?"

"அஞ்சரைக்கே ஆச்சுங்க. நீங்க யாரு?"

"ராத்திரியில பழக்கம் இல்லையோ?"

ராமன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வந்தவாசிப் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் வந்திருக்காருங்க," என்றார் இருசப்பன். "ரெண்டாவது மேடையில முதல் வரிசை. சாயங்காலத்துலேர்ந்து உக்காந்திருக்காரு. கண்ணு சரியில்ல."

ராமனின் கை பாதியில் நின்றது. மேடையில் ராஜா வேஷக்காரர் அரை இருட்டில் வந்து நின்று கிரீடத்தைச் சரிசெய்தார். "ஏம்பா லைட்டு, ராஜாவுக்கே கரண்ட் கட்டா?" என்று கட்டியக்காரன் மைக்கில் கேட்க, ஜனம் கொல்லென்று சிரித்தது. ராமன் பதறிப்போய்க் குமிழைத் தள்ளினான். மேடை பளீரென்றது.

"சுனந்தா எங்கங்க?" என்று பூஜா கேட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள். வேறு ஏதாவது சொல்லிவிடமாட்டானா என்ற நப்பாசை.

"இல்லீங்க." மேடையைப் பார்த்தபடியே சொன்னான். "மூணு வருஷம் முடிஞ்சுது. மஞ்சக்காமாலை. ரெண்டு ஆஸ்பத்திரி பார்த்தோம். பதினெட்டு நாளுதான்."

"வீட்டுக்குச் சொல்லலியா?"

"வேணாம்னுட்டா. அப்பா வந்து இப்படிப் பார்த்தா தாங்கமாட்டாரு, நான் நல்லா ஆனப்புறம் போய் நிக்கலாம், அதுவரைக்கும் நல்லா இருக்கேன்னு ஒரு கடுதாசி மட்டும் போடுன்னா. எழுத கையில தெம்பில்ல. படுத்துக்கினே சொன்னா, நான் போன்ல அடிச்சுக்கினேன். ஒரு நிமிஷங்க." இரண்டு விளக்குகளைக் குறைத்து, சிவப்பை ஏற்றினான். மேடையில் யாரோ சண்டைக்குக் கூப்பிட்டார்கள். "ஊரைச் சொன்னா தேடிக்கினு வந்துடுவாரு, வெளியூருன்னு போடு, விழாவுக்கு மட்டும் வந்தேன்னு போடுன்னா. அதைக் கடையில குடுத்துப் பேப்பர்ல எடுத்துக்கினு வந்தேன். வர்றதுக்குள்ள போயிட்டா."

"அதைக் கொண்டுபோய்த் தபால்ல போட்டீங்க."

"அவ கேட்டது அது ஒண்ணுதானுங்களே. போட்டேன். அடுத்த வருஷம் விழா வந்துச்சு. இந்த வருஷம் கடுதாசி வரலைன்னா அங்க என்னா நெனைப்பாங்களோன்னு இருந்துச்சு. பார்த்த ஆட்டம் பாட்டத்தையெல்லாம் நானே எழுதிக் கட்டினேன். இட்லி சாப்பிட்டாச்சுன்ற வரி மட்டும் அவ சொன்னது. அதை மாத்த எனக்கு மனசு வரல."

இருசப்பன் சட்டைப்பையில் இருந்த கடிதங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "நீங்க வேற ஆளுங்கதானே? உங்களுக்கு எதுக்கு இந்தப் பழக்கம்?"

"அவ இருந்தப்போ கிண்டல் பண்ணுவேங்க. ராத்திரி வேலைக்குப் போறவன் எங்கேர்ந்து பொழுதோட சாப்பிடறதுன்னு. அவ போனப்புறம் பொழுது சாய்ஞ்சா சோறு எறங்கல. என்னா பண்றது?" முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கூத்து முடியட்டுங்க. இப்ப எழுந்தா மேடை இருட்டாயிடும். நானே வந்து சொல்லிடறேன். நீங்க சொல்லிடாதீங்க."

ராத்திரி இரண்டு மணிக்குப் பூஜா பெரியவரைப் பார்த்துவிட்டு வரப் போனாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு அதே நாற்காலியில், அதே மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிகள் பாதி காலி. காலி நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏதாவது துப்பு கெடைச்சுதாம்மா?"

"தேடிக்கினு இருக்கோம் ஐயா."

"தேடுங்க. விடியறதுக்கு நேரம் இருக்கு," என்றார் அவர் நம்பிக்கையோடு.

திரும்பி வந்து கூத்து மேடைக்கு நேராக நின்றாள். கூத்து எப்படி இருந்தது என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவளால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு முறை வெளிச்சம் மாறும்போதும் பரணில் உட்கார்ந்திருந்தவனைத்தான் பார்த்தாள்.

ஐந்தேகாலுக்கு மங்களம் பாடினார்கள். கிழக்கே லேசாக வெளுத்து, மலை மட்டும் கருப்பாக நின்றது. ராமன் ஒயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பெரியவரின் எதிரே போய் மண்ணில் உட்கார்ந்தான். சொல்வதற்கு அவன் என்னென்ன வார்த்தை யோசித்து வைத்திருந்தானோ, உட்கார்ந்ததும் எல்லாம் போய்விட்டது. அவர் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"யாருப்பா?" என்றார் விருசபதாசன். குனிந்து, அந்தக் காசளவு பார்வைக்குள் அவன் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தார்.

"பேரு ராமனுங்க. சுனந்தாவைக் கட்டிக்கினவன்."

பெரியவரின் முகம் மலர்ந்தது. அந்த ஒரு கணத்தைப் பார்த்ததற்குப் பதில் தான் வேலூரிலேயே இருந்திருக்கலாம் என்று பூஜா நினைத்தாள். அவர் ராமனைத் தாண்டி அவனுக்குப் பின்னால், இடப்பக்கம், வலப்பக்கம் என்று தேடினார்.

"அவ எங்க? வரலியா?"

ராமன் சொன்னான். ஆஸ்பத்திரி, பதினெட்டு நாள், கடிதம் எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் கடைசிவரை கேட்டார். முடிந்ததும் கையை மட்டும் நீட்டினார். "போட்டோ வெச்சிருக்கியா?"

ராமன் செல்போனில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவர் அதை மூக்குக்கு நேரே பிடித்தார். மெல்ல மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார்.

"நெத்தி தெரியுது. காதுல கம்மல் போட்டிருக்கா. இது தாவாக்கட்டை." மறுபடி நகர்த்தினார். "முழுசா சேரமாட்டேங்குதேம்மா. முகமா சேரமாட்டேங்குது."

பூஜா பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்து, கொஞ்சம் தள்ளிக் காட்டிப் பார்த்தாள், கிட்டே காட்டிப் பார்த்தாள். தள்ளினால் மங்கியது, கிட்டே வந்தால் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. கடைசியில் அவரே போதும் என்று அவள் கையை விலக்கிவிட்டார். அழுகிறாரா என்று பார்த்தாள். அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"எடுத்துக் குடும்மா. அவங்கம்மாவா இருக்கும். விடிஞ்சதும் கூப்பிடறேன்னா."

பூஜா பட்டனை அழுத்தி அவர் காதில் வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் குரல் மாறிவிட்டது.

"ஆங், சொல்லு சுதர்சனா. இல்ல, பார்க்க முடியல. கூட்டம் ரொம்ப ஜாஸ்தி. வந்திருப்பா, எங்கியோ ஒரு மேடையில உக்காந்து பார்த்திருப்பா. இத்தினி பேருல எங்கன்னு தேடறது? குளிரெல்லாம் கம்மிதான். அழுவாத. அடுத்த வாரம் கடுதாசி வரும் இல்ல, அதுல எந்த மேடைன்னு எழுதுவா. சரி, பஸ்ஸுக்குப் போறேன்."

போன் வைக்கப்பட்டது. பூஜாவால் தாங்க முடியவில்லை. "ஐயா, அம்மாவுக்கும் தெரியணும் இல்லீங்களா?"

"தெரிஞ்சு?"

அவள் திரும்பி இருசப்பனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் யார் யாருக்கோ உரியதை உரியவரிடம் சேர்த்த மனிதர், கையில் மூன்று கடிதங்களோடு வேறெங்கோ பார்த்து நின்றார். அந்தக் கடிதங்களைப் பெரியவர் கேட்டு வாங்கி, பத்திரமாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு ராமனின் தோளைப் பிடித்து எழுந்து நின்றார்.

"இந்த வருஷத்துக் கடுதாசி எழுதிட்டியா?"

"இல்லீங்க. இனிமே என்னால முடியாதுங்கய்யா. உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சரி. அடுத்த வருஷம் எனக்குக் கண்ணு இருக்காது. வர்ற கடுதாசியை அவங்கம்மாதான் எனக்குப் படிச்சுக் காட்டுவா. மூணு தடவை, நாலு தடவை படிப்பா. ராத்திரி படுக்கறப்போ மறுபடி ஒருவாட்டி படிப்பா." அவர் பிடி இறுகியது. "அத்தினியும் தெரிஞ்சு நான் உக்காந்து கேக்கப் போறேன். உன்னால எழுத முடியாதா?"

ராமன் தலையை ஆட்டினான். அது அவருக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, "எழுதறேங்க," என்று வாய்விட்டுச் சொன்னான்.